எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பில் செயல்முறைப் பாதுகாப்பு நிபுணர் வேலை: நீலகிரியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்பவை இவை. எண்ணெய், எரிவாயுத் தொழிலைக் கண்காணிக்கும் ஓர் ஒழுங்குமுறை அமைப்புக்குச் செயல்முறைப் பாதுகாப்பு நிபுணராக வேலை பார்க்கிறேன். அதற்கு முன் சுத்திகரிப்பு ஆலையில் இருந்தேன். சொந்த ஊர் அருவங்காடு. ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, நீங்க சேஃப்டி ஆபீசரா? ஹெல்மெட் போடலைன்னா ஃபைன் போடுவீங்களா?

இல்லை. ஹெல்மெட், பெல்ட், ஷூ, ஏணி, வழுக்கும் தரை இதெல்லாம் தொழிலாளர் பாதுகாப்பு. அதைப் பார்க்க ஆலையிலேயே சேஃப்டி ஆபீசர் இருப்பார். அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. தினமும் உயிர்களைக் காப்பாற்றுகிற வேலை அது.

நான் பார்ப்பது வேறு. குழாய்க்குள், தொட்டிக்குள், கலனுக்குள் இருக்க வேண்டிய பொருள் அங்கேயே இருக்கிறதா? வெளியே வந்துவிட்டால் தீ, வெடிப்பு, விஷவாயு என்று ஏதாவது ஒன்று கூடவே வரும். அப்படி வருவது அபூர்வம். வந்தால் ஒரு ஷிஃப்ட்டும், சில சமயம் ஒரு ஊரும் போய்விடும்.

இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் இந்தத் துறையின் பழைய நோய். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். அன்று மதியம்தான் அவர்களுடைய பாதுகாப்புச் சாதனையைப் பாராட்டி விருந்து நடந்திருந்தது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடும் மேடை வெடித்தபோது, வேலை நாள் இழப்பு உண்டாக்கும் காயம் ஏதுமின்றி 7 வருடம் ஓடியதற்காக வாழ்த்துச் சொல்ல வந்த அதிகாரிகள் அந்த மேடையிலேயே இருந்தார்கள். அங்கே இறந்தவர்கள் 11 பேர்.

விரலில் அடிபட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு குழாயின் தடிமனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 'எங்கள் ஆலையில் இத்தனை வருடமாக விபத்தே இல்லை' என்று வாசலிலேயே போர்டு வைத்திருக்கும் இடத்துக்குள் நான் கொஞ்சம் கூடுதல் சந்தேகத்தோடுதான் நுழைவேன்.

ஒழுங்குமுறை அமைப்புன்னா எது? மின்கட்டணம் நிர்ணயிக்கிற ஆணையமா?

அதுவும் ஓர் ஒழுங்குமுறை அமைப்புதான். ஆனால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முக்கிய வேலை கட்டணமும் உரிமமும். நான் சொல்வது எண்ணெய், எரிவாயுப் பக்கம்.

இந்தியாவில் இது ஒரே கூரையின் கீழ் இல்லை, அதனால்தான் குழப்பம். எரிவாயுக் குழாய்கள், நகர எரிவாயு விநியோகம் ஆகியவற்றுக்கான தொழில்நுட்பத் தரங்களையும் அவசரகாலத் திட்ட விதிகளையும் வகுப்பது பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்; 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. பெட்ரோலியத் துறை அமைச்சகத்தின்கீழ் 1986 முதல் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் இருக்கிறது. நாங்கள் 'ஓஐஎஸ்டி' என்றுதான் சொல்வோம். ஆலையில் எதற்கு எது எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், ஒரு வேலையைத் தொடங்க எழுத்தில் அனுமதி (பர்மிட்) எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அவர்களுடைய தரநூல்கள்தான் கைப்புத்தகம். வெடிபொருள், பெட்ரோலியச் சேமிப்பு, சிலிண்டர் உரிமங்களுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாக 'பெசோ'. சிவகாசியிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. மாநில அளவில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இவ்வளவும் சேர்ந்து ஒரே தொட்டியைப் பார்க்க நேரிடும்.

இந்த ஏற்பாட்டில் பாதிக்கு மேல் 1984 டிசம்பர் போபாலுக்குப் பிறகு வந்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளுக்குத் தனி அத்தியாயம், 1989-இல் அபாய இரசாயனங்கள் விதிகள், 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1996-இல் இரசாயன விபத்துகளுக்கான அவசரத் திட்ட விதிகள் என்று வரிசையாக வந்தன.

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்னதான் செய்வீங்க?

முக்கால்வாசி படிப்பு. ஒரு நிறுவனம் புதிய முனையமோ (எண்ணெயைச் சேமித்து அனுப்பும் கிடங்கு) குழாயோ போட விண்ணப்பித்தால், கூடவே ஆபத்து ஆய்வு அறிக்கைகள், வரைபடங்கள், தீயணைப்புக் கணக்கு, அவசரகாலத் திட்டம் எல்லாம் வரும். அதில் எழுதாமல் விட்டது என்ன என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எழுதியிருப்பதைச் சரிபார்க்க யாராலும் முடியும்.

அப்புறம் நேரில் போவது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் வழியே நடப்போம். படத்தில் இல்லாத ஒரு பைபாஸ் குழாய், எப்போதோ 'தற்காலிகமாக' போட்ட ஹோஸ், பூட்டியிருக்க வேண்டிய வால்வில் பூட்டில்லாத சங்கிலி, இந்த மாதிரி நிறையக் கிடைக்கும். கன்ட்ரோல் ரூமில் நான் முதலில் கேட்பது இரண்டு நோட்டுகள்: ஆபத்து வந்தால் தானாக இயந்திரத்தை நிறுத்தும் ஏற்பாடுகளில் (இன்டர்லாக்) எதையெதை இப்போது பைபாஸ் செய்து, அதாவது செயல்படாமல், வைத்திருக்கிறீர்கள் என்ற பதிவேடும், ஷிஃப்ட் மாற்றக் குறிப்பும். மேலாளர் காட்டும் பவர்பாயின்ட்டில் இல்லாதது இந்த இரண்டிலும் இருக்கும்.

ஒரு பெட்ரோல் கிடங்கில் நடந்ததைச் சொல்கிறேன். தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க, சாதாரண மட்டக் கருவிக்கு மேல் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். மட்டம் எல்லை தாண்டினால் அது மணி அடித்து வால்வை மூட வேண்டும். மாதா மாதம் சோதித்ததாகக் கையெழுத்து வரிசையாக இருந்தது. "எப்படிச் சோதிப்பீங்க?" என்று ஆபரேட்டரைக் கேட்டேன். "பேனல்ல டெஸ்ட் பட்டனை அழுத்துவோம் மேடம், மணி அடிக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மணி நன்றாகத்தான் வேலை செய்தது. தொட்டியின் மேல் உள்ள சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதை அங்கே ஒருவரும் பார்த்ததே இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு 2005 டிசம்பர் 11-ஐச் சொல்வேன். இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு கிடங்கில் மட்டக் கருவி ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது. காப்பாற்றியிருக்க வேண்டிய தனி சுவிட்சின் சோதனை நெம்புகோலை, ஒரு சின்னப் பூட்டுப் போட்டு சரியான நிலையில் நிறுத்தி வைக்க வேண்டும். அந்தப் பூட்டு எதற்கு என்று தெரியாததால் யாரும் போடவில்லை. தொட்டி வழிந்து பெட்ரோல் ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் மட்டுமே உயிர்ச்சேதம் இல்லை.

ஹேசாப்னு சொல்றாங்களே, அது என்ன? படிக்கும்போது புரியலை.

ஆலையில் என்னென்ன தவறாகப் போகலாம் என்று முன்கூட்டியே தேடும் முறை; 1960-களில் இங்கிலாந்தின் ஐசிஐ என்ற இரசாயன நிறுவனத்தில் உருவானது. ஆலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் 'ஓட்டம் இல்லாவிட்டால்?', 'அதிகமானால்?', 'தலைகீழானால்?', 'அழுத்தம் கூடினால்?' என்று கேட்டுக்கொண்டே போவார்கள். வடிவமைத்தவர், ஓட்டுபவர், பராமரிப்பவர் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் நடக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிக்கையைப் படிக்கும்போது நான் கவனிக்கும் முதல் விஷயம், யார் யார் வந்திருந்தார்கள் என்ற கையெழுத்துப் பட்டியல். ஆபரேட்டர் பெயர் இல்லையென்றால் அந்த அறிக்கையின் மதிப்பு பாதியாகிவிடும். இரண்டாவது, அறிக்கை ரொம்பச் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாக் கேள்விக்கும் 'தற்போதுள்ள பாதுகாப்பு போதுமானது' என்று வந்தால், வேறு ஆலையின் அறிக்கையை எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்களோ என்று தேடுவேன். ஏதோ ஒரு பக்கத்தில் பழைய ஆலையின் பெயர் மாற்றாமல் கிடக்கும்.

ஏதாவது ஒரு விபத்தை வைத்து விளக்க முடியுமா? நம்ம நாட்டிலேயே.

2009 அக்டோபர் 29, ஜெய்ப்பூர் சீதாபுரா. இந்தியன் ஆயில் முனையத்திலிருந்து பக்கத்து முனையத்துக்குப் பெட்ரோல் அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். குழாயில் 'ஹேமர் பிளைண்ட்' என்று ஓர் அடைப்பு உண்டு. அதைத் திருப்பும்போது மேலே கொஞ்ச நேரம் திறந்த வாய் இருக்கும். அந்த நேரத்தில் தொட்டிப் பக்கத்து வால்வு திறந்திருந்தது. பெட்ரோல் ஊற்றெடுத்த மாதிரி பீய்ச்சியடித்தது. வேலை செய்தவர்கள் ஆவியில் மயங்கி விழுந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கொட்டியது. பிறகு ஆவி மேகம் வெடித்தது. 10-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயை அணைக்க முடியாமல், எரிந்து தீரட்டும் என்று விட்டதில் 11 நாள் எரிந்தது.

'வரிசை மாற்றி வால்வைத் திறந்துவிட்டார்கள்' என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படி முடிப்பது சுலபம், பயனில்லை. வால்வைத் தூரத்திலிருந்து மூடும் வசதி வேலை செய்யவில்லை. கசிவுக்குள் போய் மூட, மூச்சுக் கருவியோடு தயாராக ஆள் இல்லை. ஒரு மனிதனின் கை தவறினாலும் ஒன்றும் ஆகாதபடி அந்த இடத்தை வடிவமைத்திருக்கலாம். எம்.பி. லால் என்பவர் தலைமையிலான விசாரணைக் குழு நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளைக் கொடுத்தது; ஹேமர் பிளைண்ட் வேண்டாம் என்பதும், தூரத்திலிருந்து மூடும் வால்வுகள் கட்டாயம் என்பதும் அதில் அடக்கம். இன்றைக்கும் கிடங்குகளுக்குப் போகும்போது அந்தப் பட்டியலைத்தான் கையில் வைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று, 2014 ஜூன் 27, ஆந்திராவில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமம். உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரமுள்ள வாயு போய்க்கொண்டிருந்தது. உள்ளே அரித்துக் கசிந்தது. விடிகாலையில் யாரோ அடுப்பு மூட்ட, ஊரே பற்றிக்கொண்டது. 'குழாய்க்குள் போகும் பொருள் மாறியிருக்கிறது, அதனால் என்னென்ன மாறும்?' என்று ஓர் ஆள் எழுத்தில் கேட்டு, இன்னோர் ஆள் எழுத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டும். மாற்ற மேலாண்மை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் இந்த விஷயத்தில்தான் நான் பார்க்கும் ஆலைகளில் முக்கால்வாசி சறுக்குகின்றன.

அப்போ ஆலை வெடிச்சா உங்களையும் பிடிப்பாங்களா? பொறுப்பு யாருடையது?

ஆபத்தை உண்டாக்குபவர் யாரோ அவருடையது. அதாவது நிறுவனத்துடையது. இது தப்பிக்கும் பதில் மாதிரி தெரியும். ஆனால் உலகம் இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கு 167 உயிர்கள் போயின. 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. பராமரிப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி ஷிஃப்ட் மாறியபோது அடுத்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் அந்தப் பம்ப்பை ஓட்டினார்கள்.

விசாரித்த கல்லன் பிரபு 1990-இல் 106 பரிந்துரைகள் கொடுத்தார். இரண்டு முக்கியம். ஒன்று, அரசு நீளமாக ஒரு விதிப்பட்டியல் கொடுத்து அதை டிக் அடிப்பது போதாது. 'எங்கள் மேடையில் இந்த ஆபத்துகள் இருக்கின்றன, இப்படித் தடுக்கிறோம், இதோ ஆதாரம்' என்று நிறுவனமே வாதாடி நிரூபிக்க வேண்டும். இரண்டு, எண்ணெய் உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புள்ள துறையே பாதுகாப்பையும் பார்க்கக் கூடாது. அதன்பிறகு பிரிட்டனில் அந்தப் பொறுப்பு எரிசக்தித் துறையிடமிருந்து தொழில் பாதுகாப்பு அமைப்புக்குப் போனது. நார்வே 2004-இல் பாதுகாப்பைத் தனியாகப் பிரித்தது. அமெரிக்கா டீப்வாட்டர் ஹொரைசன் நடந்த பிறகு, 2011-இல் பிரித்தது.

இந்தியாவில் ஓஐஎஸ்டி இன்னும் அதே பெட்ரோலிய அமைச்சகத்தின்கீழ்தான் இருக்கிறது. அங்கே நல்ல பொறியாளர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எண்ணெய் நிறுவனங்களின் முதலாளியும் அதே அமைச்சகம்தான் என்பது எனக்கு உறுத்துகிறது. இது என் சொந்தக் கருத்து, அலுவலகக் கருத்தில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்: நான் பார்த்தும் எழுதாமல் விட்டிருந்தால் என்னையும் கேட்பார்கள். கேட்க வேண்டும்.

ஆலையை மூட வைக்க முடியுமா? பணம் கொடுத்தா சரி பண்ணிடுவாங்களா?

(இதை ஒரு பையனின் அப்பா கேட்டார். நேரடியாகக் கேட்டது பிடித்திருந்தது.)

நிபுணர் பரிந்துரைப்பார், அமைப்பு உத்தரவிடும். உடனடி ஆபத்து என்றால் நிறுத்தச் சொல்லலாம். பெரும்பாலும் 'இதைச் சரிசெய்யும்வரை இவ்வளவுக்கு மேல் நிரப்பாதே' என்கிற மாதிரி நிபந்தனை வரும். ஐயா, பணத்தைவிட நைசான வழிகள் இருக்கின்றன. விருந்தினர் மாளிகை, நல்ல சாப்பாடு, 'மேடம், உங்க ஜூனியர்தான் எங்க ஜிஎம்' என்கிற உறவு. முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் கோப்பை நான் தொடுவதில்லை. தங்கும் செலவு எங்கள் அலுவலகத்துடையது. டீ குடிப்பேன்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் குறை என்று எழுதும் ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கம் திறமையான ஒரு பொறியாளர் உட்கார்ந்து, 'இதுவரை ஒன்றும் ஆகவில்லையே' என்பார். அவர் சொல்வது உண்மைதான். இதுவரை ஆகவில்லை என்பதை வைத்து இனியும் ஆகாது என்று சொல்ல முடியாது என்பதை, கோபப்படாமல், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

நீலகிரியில் ரிஃபைனரியே இல்லையே. இங்கே இருப்பவர்களுக்கு இதனால் என்ன?

ரிஃபைனரி இல்லை, ஆனால் இந்தச் சிந்தனை இங்கே பழசு. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. வெடிமருந்துத் தொழிலில் ஒரு கட்டடத்தில் கொஞ்சமாகத்தான் சரக்கு வைப்பார்கள், கட்டடங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டுவார்கள், நடுவில் மண்மேடு போடுவார்கள். ஒன்று போனாலும் அடுத்தது போகக் கூடாது. 'இயல்பிலேயே பாதுகாப்பு' என்று நாங்கள் இப்போது பாடம் நடத்துவதை அவர்கள் எப்போதோ செய்துகொண்டிருந்தார்கள்.

நம் மலை ரயிலிலும் அது இருக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். இணைப்புக் கொக்கி அறுந்தாலும் பெட்டி எஞ்சின் மேல்தான் சாயும், தனியாக உருண்டு ஓடாது. அதற்கு மேல்தான் பிரேக்குகள், பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேன்கள், கொடிகள். முதலில் ஆபத்தையே எடுத்துவிடு, மிச்சத்துக்குப் பாதுகாப்பு போடு என்கிற வரிசை அதில் சரியாக இருக்கிறது. மாணவர்களை அழைத்துப்போய்க் காட்ட இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது, டிக்கெட் கிடைத்தால்.

நீர்மின் நிலையங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பைகாரா 1932-இலிருந்து ஓடுகிறது. குந்தா திட்டம் கனடா உதவியோடு வந்தது. இப்போது போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு அணைகளை இணைத்து 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் வருகிறது. இவை என் அமைப்பின்கீழ் வராது. அணைக்கு 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், மின்சாரப் பக்கத்துக்கு மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள். ஆனால் கேட்கும் கேள்விகள் ஒன்றேதான். 2009-இல் ரஷ்யாவின் சயானோ–சுஷென்ஸ்கயா நிலையத்தில் டர்பைன் பிய்த்துக்கொண்டு கிளம்பி 75 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்டில் ஸ்ரீசைலம் நிலத்தடி மின்நிலையத் தீயில் 9 பேர். நிலத்தடி நிலையத்தில் புகை எப்படி வெளியேறும், ஆட்கள் எந்த வழியாக வருவார்கள் என்பது கட்டும்போதே தீர வேண்டிய விஷயம்.

ஊட்டிக் குளிர்ல கேஸ் சரியா வர்றதில்லை. சிலிண்டரை வெந்நீர்ல வைக்கலாமாம்மா?

வேண்டாம். இது என் வேலைக்குள் வராது, ஆனால் அதிகம் பேர் கேட்பது இதுதான். அதுவும் டிசம்பர், ஜனவரியில்.

சமையல் எரிவாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்குப் பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலை தேவை. அதனால் குளிர் கூடும்போது, பாதி காலியான சிலிண்டரில் அழுத்தம் இறங்கிவிடும். வெந்நீர், ஹீட்டர், கரி அடுப்புப் பக்கத்தில் நகர்த்துவது, சிலிண்டரைப் படுக்க வைப்பது எதுவும் கூடாது. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே வரும். ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு வாயுவாக விரியும். ஹோட்டல்காரர்கள் பல சிலிண்டர்களை முறையாக இணைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சமாக எடுக்கும்படி ஏஜென்சியிடம் சொல்லி அமைத்துக்கொள்ளலாம்.

இதைவிட எனக்குக் கவலை மலைச்சரிவு வீடுகள்தான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி பள்ளம் பார்த்துப் போய் உட்காருகிற மாதிரிதான் இதுவும் பள்ளம் பார்த்து இறங்கும். மேல் வீட்டுச் சமையலறையில் கசிந்தால், படி வழியாகக் கீழ் வீட்டுப் படுக்கையறைக்கு வந்து தேங்கும். மேல் வீட்டுக்காரருக்கு வாசனை குறைந்துவிட்டதாகத் தோன்றும். காட்டேஜ்களில் சிலிண்டரை இடம் மிச்சம் என்று நிலவறையில் வைப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வெளியே, தரைமட்டத்துக்கு மேல், காற்றோட்டமாக வையுங்கள். வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு அழைக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரர்களையும் எழுப்புங்கள்.

என்ன படிக்கணும்?

கெமிக்கல் இன்ஜினியரிங் நேர்வழி. நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் சிஐடி, கொஞ்சம் தள்ளி திருச்சி என்ஐடி, சென்னையில் ஏ.சி.டெக். மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களும் நிறைய இருக்கிறார்கள். இன்ஸ்ட்ருமென்டேஷன்காரர்களுக்கு மதிப்பு கூடிக்கொண்டே வருகிறது. பிறகு தொழிலகப் பாதுகாப்பில் எம்.இ. படிக்கலாம், அல்லது சென்னை மண்டலத் தொழிலாளர் கழகத்தின் பாதுகாப்பு டிப்ளமோ செய்யலாம்.

ஆனால் படித்து முடித்த கையோடு ஒழுங்குமுறை அமைப்புக்கு வந்துவிடாதீர்கள். கேட் (GATE) தேர்வு எழுதியோ வேறு வழியிலோ ஓர் ஆலைக்குள் போய் ஷிஃப்ட் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு அலாரம் சரமாரியாக அடிக்கும்போது எதை முதலில் பார்ப்பது என்று திணறியிராதவர் எழுதும் விதி, படிக்க அழகாக இருக்கும், பின்பற்ற முடியாது.

தமிழ் மீடியத்துல படிச்சவன் நான். இங்கிலீஷ் ரிப்போர்ட் எழுத வருமா?

வரும். அது பழக்கம். எதிர்ப்பக்கம்தான் எனக்குப் பெரிய குறை. வேலை செய்யும் முறைகளெல்லாம் ஆங்கிலத்தில் சுவரில் தொங்கும்; வால்வைத் திருப்புபவர் தமிழிலோ, ஒடியாவிலோ, இந்தியிலோ படிப்பவராக இருப்பார். அவரிடம் அவர் மொழியில் 'நேற்று ராத்திரி என்னண்ணே பண்ணீங்க?' என்று கேட்கத் தெரிந்தவருக்கு, ஆங்கிலம் மட்டும் தெரிந்த நிபுணருக்குக் கிடைக்காத தகவல் கிடைக்கும்.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா? பயமா இருக்காதா?

வரலாம். பயம் இருக்கும், ஆண்களுக்கும் இருக்கும். நடைமுறைத் தொல்லைகள்தான் அதிகம்: எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் வளாகத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள், தீப்பிடிக்காத கவர்ஆல் நம் அளவுக்கு இருக்காது. போவதற்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள், கூச்சப்படாமல்.

சம்பளம்?

தனியார் ஆலோசனை நிறுவனங்களைவிடக் குறைவு. வளைகுடா நாடுகளைவிட ரொம்பக் குறைவு. குடும்பம் நடத்தப் போதும்.

குன்னூரில் இருந்துகொண்டே செய்யலாமா?

படிக்கும், எழுதும் பகுதியை ஓரளவு செய்யலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். ஆலைக்குப் போவது, விசாரணைக் கூட்டங்கள் எல்லாம் வெளியில்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால், கோத்தகிரி வழியாகச் சுற்றி கோவை விமான நிலையம் போகும் அளவுக்கு நேரம் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கரண்ட்டும் நெட்டும் சேர்ந்து போகும் நாட்களுக்கு மாற்று ஏற்பாடு அவசியம்.

நான் செகண்ட் இயர் அக்கா. இப்பவே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் விபத்துகளை அனிமேஷன் வீடியோவாக இலவசமாகப் போடுகிறது. வாரம் ஒன்று பாருங்கள். வீடியோவைப் பாதியில் நிறுத்தி, 'இந்த இடத்தில் நான் என்ன கேட்டிருப்பேன்?' என்று எழுதி வைத்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. ஊரில் ஏதாவது டீ ஃபேக்டரியில் அனுமதி வாங்கிக்கொண்டு, டிரையருக்குச் சூடான காற்று கொடுக்கும் அடுப்பையும் அதன் விசிறி, டக்ட் (காற்றுக் குழாய்), டேம்பர் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) எல்லாவற்றையும் ஒரு தாளில் வரையுங்கள். விசிறி நின்றால் என்ன ஆகும், டேம்பர் சிக்கினால் என்ன ஆகும், தேயிலைத் தூசு எங்கே சேரும் என்று ஹேசாப் கேள்விகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிறகு அந்தப் படத்தை அங்கே அடுப்பு பார்க்கும் அண்ணனிடம் காட்டி, 'இதில் என்ன விட்டுப்போச்சு?' என்று கேளுங்கள். அவர் நிச்சயம் ஒன்றிரண்டு சொல்வார். அதையும் சேர்த்து எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். ஸ்கேன் செய்து அனுப்புங்கள். போனில் சாய்வாக எடுத்த போட்டோவில் டேம்பர் எது, கதவு எது என்று தெரிவதில்லை.